ஸ்டிக்கர் இருந்த இடம்

பழைய வீடியோ கேம் சேர்க்கிறவர்களிடம் தப்பித்தவறிகூட, “அட்டைப்பெட்டி அவசியமா?” என்று கேட்டுவிடாதீர்கள். அன்றைய பொழுது அவ்வளவுதான். ஒரு கட்சி, கேசட் ஓடுகிறதா என்பதை மட்டும் பார்க்கும். இன்னொரு கட்சி, பெட்டியின் மூலை மடங்கியிருந்தால் உள்ளே இருப்பதைத் தொடக்கூட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் வெகுகாலம் முதல் கட்சியில் இருந்தேன். இருந்ததோடு நிற்காமல், “சட்டை வாங்கினா அட்டையையா மாட்டிக்கப் போற?” என்று எதிர்க்கட்சிக்காரர்களை வம்புக்கும் இழுப்பேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அதற்குக் காரணம் எங்கள் ராயபுரம் சந்தில் குடியிருந்த ஒரு பெண். பொட்டியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம்.

அக்கா ஜாக்கெட் தைப்பவர். துணி கொண்டுவந்து கொடுத்தால் துணியைப் பிரிக்கமாட்டார். முதலில் கவரைத் திருப்பி, எந்தக் கடை, எந்த ஊர் என்று படிப்பார். காய்ச்சல் மாத்திரை வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் கேக் வாங்கிக்கொண்டு போனேன். டப்பாவைத் தலைகீழாகத் தூக்கி அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேக் ஒரு பக்கமாகச் சரிந்து நசுங்கியது.

“கேக்கு தின்றதுக்கா, படிக்கிறதுக்காக்கா?” என்றேன்.

“உள்ள கீறதுக்கு வாயா கீது? எங்கேர்ந்து வந்துச்சுனு பொட்டி தான்பா சொல்லும்” என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் அப்படி ஆனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். மூன்று டிவி, மூன்று மெஷின், ஒரு மின்விசிறி. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் கண் எரியும் என்று கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே வேர்த்து ஊற்றும். அக்காவின் வீடு கடைக்கு இரண்டு வாசல் தள்ளி. அவர் கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலைக்குப் போகிறவர். ஒன்பது மாசம் கடல், மூன்று மாசம் வீடு. பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கேம் கேசட் கொண்டுவருவார். யாருக்கு என்று ஊரே கேட்டது. அவர்களுக்கேதான். நாற்பது வயதை நெருங்குகிற புருஷனும் பெண்டாட்டியும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, டிவியில் பொம்மையை ஓடவிட்டு ஆடுவார்கள். பெரும்பாலும் அக்காதான் ஜெயிப்பார்.

“ஒரு தபா வுட்டுக் குடேன்மா. ஒம்போது மாசம் தண்ணில கெடந்துட்டு வந்துகிறேன்” என்று அவர் கெஞ்சுவது என் கடை வரைக்கும் கேட்கும்.

“தண்ணில கெடந்தவனுக்கெல்லாம் ஜெயிக்க வுடணும்னு சட்டமா? ஒழுங்கா ஆடு.”

அந்தச் சத்தம் கேட்கிற மூன்று மாசமும் எங்கள் சந்துக்கே ஒரு களை இருந்தது. இதைப் பழசை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் அக்கா பட்ட பாட்டைப் பார்த்து, “அப்படியென்ன பெரிய புருஷன்?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மனிதரை எங்களுக்கெல்லாம் பிடிக்கும்.

அவர் கொண்டுவரும் கேசட்டுக்குப் பெட்டி இருக்காது. எந்தக் கப்பல்காரர் கொண்டுவந்தாலும் இருக்காது. பெட்டியோடு வந்தால் விற்பதற்கு என்று சுங்கத்தில் தீர்வை கேட்பார்கள். பெட்டியைப் பிரித்துவிட்டால், தான் ஆடிய பழைய சாமான் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அதனால் கேசட் கைலிக்குள் சுருட்டி வரும். பெட்டிகளைத் தட்டையாக மடித்து, கட்டாகக் கட்டி, வேறொருவன் தன் சூட்கேஸின் அடியில் போட்டுக் கொண்டுவருவான். ஆளுக்கு ஒன்று என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், ஒன்றுக்கு மேல் வாங்கியவன் வெறுங்கையோடு இருப்பவன் லாக்கரில் ஒன்றை வைத்துவிடுவதும் வழக்கம். பாரிமுனைப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கிறவர்கள் அந்த அட்டைக் கட்டை வாங்கி, கேசட்டோடு சேர்த்து மறுபடியும் புதுசாக்கி விற்பார்கள். அப்போது முதல் வேலையாக, அந்த ஊர்க் கடைக்காரன் ஒட்டிய விலை ஸ்டிக்கரைக் கிழித்துப்போடுவார்கள். அங்கே என்ன விலை என்று இங்கே வாங்குகிறவனுக்குத் தெரியக்கூடாதே.

ஒரு வருஷம் கப்பல் வந்தது. அவர் வரவில்லை.

அதே கப்பலில் சமையலுக்குப் போயிருந்த காசிமேட்டுக்காரர் ஒருவர் வந்து, அக்கா கையில் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டு நின்றார். கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு நானும் அக்காவோடு போனேன். இங்கிலீஷில் காகிதம் நீட்டினால் படிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். நீட்டத்தான் செய்தார்கள். ஜப்பானில் கோபே துறைமுகத்தில் தானாக இறங்கிப் போனார், திரும்பவில்லை, கப்பல் புறப்பட்டுவிட்டது என்று இருந்தது.

“நெறைய பேர் பண்றது தான்மா. அங்க ஏதாவது வேல கெடச்சிருக்கும். இல்லனா யாராவது…” என்று ஆரம்பித்த குமாஸ்தா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“யாராவது?” என்று அக்கா கேட்டார்.

குமாஸ்தா ஃபைலை மூடினார். திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை இறங்கும் வரை எடுக்கவே இல்லை.

நேராகக் காசிமேட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். அவரும் பாவம், எலும்பும் தோலுமாக இருந்தார்.

“மலேரியா ஜொரம்கா. கோபே, ஹாங்காங், சிங்கப்பூர், மூணு ஊரும் எனுக்குத் தெரியாது. படுத்துகினே கெடந்தேன். அப்பால லாக்கரத் தொறந்தா இந்த கேசட்டு பொட்டியோட கீது. மேல உங்க பேர் எழுதின சீட்டு. எப்போ வெச்சாருனு மெய்யாலுமே தெரியாது.”

“கப்பல்ல வேற யாரும் பாக்கலியா?”

“எல்லாம் வேற நாட்டுக்காரனுங்க. சிங்கப்பூர்ல எறங்கி அவனவன் ஊருக்குப் பூட்டான். கோபேல போனாருனு தான் சொன்னாங்க. ஆனா ஹாங்காங்ல ஒரு தபா அவர் கொரல் கேட்ட மாரி கீதுக்கா. ஜொரத்துல கேட்டது. அத்த நம்பாதீங்க.”

அக்கா அதை நம்பினார். அதற்குப் பிறகு அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

“பொட்டி இன்னா ஆச்சு?” என்று கேட்டார்.

“வழக்கமா பண்றது தான். மடிச்சு அட்டக் கட்டோட வித்துட்டேன்.”

“கடை ஸ்டிக்கரு?”

“முன்னாடி ஒட்டி இருந்துச்சு. நான் படிக்கல.”

இங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ஜப்பான் கேம் பெட்டி ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அதே ஜப்பான் எழுத்தோடுதான் விற்கும், அதனால் கேசட்டை வைத்து ஊரைச் சொல்ல முடியாது, கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் மட்டும்தான் எந்த ஊரில் வாங்கியது என்று தெரியும் என்றேன். அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

“கோபே கடைனா ஓடிட்டாரு. அதுக்கு அப்பால வர்ற ஊருனா ஓடல. கப்பல்ல தான் இருந்துகிறாரு. கடல்ல வுழுந்துட்டாரு. ஏஜென்டு பீலா வுடறான். அவ்ளோ தான்பா.”

கோர்ட்டில் நிற்கிற கணக்கு இல்லை இது. கோபேயில் வாங்கிவிட்டு ஹாங்காங் வரை வந்திருக்கவும் கூடும். நான் அதைச் சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒரு தீர்ப்பு வேண்டும், அதை ஒரு அட்டைப்பெட்டியிடம் விட்டுவிட்டார்.

இரண்டு மாசம் பாரிமுனைக் கடைகளில் ஏறி இறங்கினார். பெட்டி எப்படி இருக்கும் என்றே தெரியாது. கேசட்டின் லேபிளில் படம் கிடையாது, சிவப்புத் தாளில் ஜப்பான் எழுத்து மட்டும். அந்த எழுத்தை ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு, கடை கடையாகக் காட்டுவார். வேலை மெனக்கெட்டு நானும் சில நாள் கூடப் போனேன். “கேசட்டு தான் கைல கீதே, அட்டைய வெச்சிகினு இன்னா பண்ணப் போற?” என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். தைத்துக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மூட்டையாகக் குவிந்தன. சோறு வடித்தால் வடித்தபடியே ஆறிக் கிடக்கும். துணி கேட்டு வந்தவர்கள் திட்டிவிட்டு அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம். அக்கா கேசட்டோடு வந்தார்.

“வூட்ல ஒண்டியா போட்டுப் பாக்க மனசு வரல. நீ போடு. இன்னா ஆட்டம்னு பாப்போம்.”

போட்டேன். குடை பிடித்துக்கொண்டு ஒரு நரி மழையில் ஓடியது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். இன்னொரு நரி பின்னால் நின்றுகொண்டு ஆளுக்காகக் காத்திருந்தது. அக்கா ரிமோட்டைத் தொடவில்லை. டிவிக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கடைச் சுவர் முழுக்க கேம் பெட்டிகள் ஒட்டியிருக்கும். பள்ளிக்கூட லீவு வருகிறதே, கடை பளிச்சென்று இருக்கட்டும் என்று, அக்கா புருஷன் வராத சேதி தெரிவதற்கு முன்பே ஒரு கட்டு அட்டை மலிவாக வாங்கி, மைதாப் பசை காய்ச்சி நானே ஒட்டியது. ஒட்டியதோடு சரி, அதற்குப் பிறகு ஏறெடுத்துப் பார்க்கவில்லை. டிவிக்கு நேர் மேலே குடை பிடித்த நரி இருந்தது. பக்கத்தில் அதே ஜப்பான் எழுத்து. குடை இருந்த இடத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாக ஒரு தழும்பு.

அந்தக் கட்டில் ஸ்டிக்கரோடு வந்த அட்டைகளை எல்லாம் நான்தான் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் நோகாமல் வந்திருக்கும். அந்தப் பொறுமை எனக்கு ஏது? நகத்தை விட்டுப் பிய்த்தேன். மேல் தாளும் சேர்ந்து வந்தது.

“யாரு கிழிச்சது?” என்றார் அக்கா.

“வரும்போதே அப்படித் தான் இருந்துச்சுக்கா.”

அவர் வீட்டுக்குப் போய் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, சாயங்காலம் வரை ஒற்றி ஒற்றி எடுத்து, ஒரு மூலை மடங்காமல் அந்த அட்டையைச் சுவரிலிருந்து பிரித்துக்கொண்டு போனார். அவர் போனதும் நான் சந்து முனைக் குப்பைத்தொட்டியில் குச்சியை விட்டுக் கிளறினேன். ஒட்டி எத்தனை நாள் ஆகியிருந்தது. எத்தனை வண்டி குப்பை போயிருக்கும். தெரிந்தும் கிளறினேன்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அக்கா தையல்காரர். மறுநாள் பட்டர் பேப்பரும் பென்சிலுமாக வந்தார். தழும்பின் மேல் தாளை வைத்து ஓரம் அரை நூல்கூடப் பிசகாமல் வரைந்து, கத்தரித்து எடுத்திருந்தார். அந்தக் காலத்து விலை ஸ்டிக்கர்களின் ஓரம் நெளிநெளியாக இருக்கும். இதில் மேலே ஏழு நெளி, கீழே ஏழு நெளி, ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டியது.

“கடைக்குக் கடை இந்த ஸ்டிக்கரு மாறும் இல்ல? மூணு ஊர்க் கடைலேர்ந்தும் ஸ்டிக்கரோட பொட்டி வரட்டும். வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்” என்றார். எனக்கும் ஒரு அளவுத்தாள் வெட்டிக் கொடுத்தார். “உன் கடைக்கு தான் எல்லாரும் வர்றானுங்க. நீயும் பாரு.”

அப்படித்தான் அவர் பெட்டி சேர்க்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் போகிற கப்பல்காரர்கள் யார் என்று விசாரித்து, அவர்கள் வீட்டுக்குப் போய், காசு கொடுத்துச் சொல்லிவைப்பார். பழைய கேம் எதுவானாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, பெட்டியைப் பிரிக்கக்கூடாது, ஸ்டிக்கரில் கை வைக்கக்கூடாது. அவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். பழக்க தோஷத்தில் பாதிப்பேர் பிரித்துத் தொலைத்துவிட்டு வருவார்கள். அப்போது அக்கா திட்டமாட்டார். “பரவால்ல பா” என்று சொல்லிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒழுங்காக வந்த பெட்டிகளைத் தகர டிரங்கில் அந்துருண்டை போட்டு வைத்தார். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் அட்டை ஊறிப் பூசணம் பூத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இஸ்திரிப்பெட்டியை லேசாகச் சூடாக்கி மேலாக ஒற்றி வைப்பார். ஐந்து வருஷத்தில் அறுபது பெட்டி சேர்ந்தது. ஒன்றிலும் அளவுத்தாள் பொருந்தவில்லை.

இந்தச் சேதி எப்படியோ பரவி, அண்ணா நகரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் காரில் வந்தார். டிரங்கைத் திறந்ததும் அந்த மனிதர் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். பெட்டியோடு இத்தனை கேம் ஊரிலேயே இல்லை என்றார். அவர் சொன்ன தொகையை அக்கா நான்கு வருஷம் தைத்தாலும் பார்க்க முடியாது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன்.

“எடுத்துகினு போய் இன்னா செய்வீங்க சார்?” என்று அக்கா கேட்டார்.

“கண்ணாடி அலமாரில வைப்பேம்மா. மொதல்ல இந்த விலை ஸ்டிக்கரையெல்லாம் எடுக்கணும். அதுக்குன்னு ஒரு திரவம் இருக்கு. ஸ்டிக்கர் இருந்தா மதிப்புக் குறையும்.”

அக்கா டிரங்கை மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க கெளம்புங்க சார்.”

அவர் தொகையை ஏற்றிக்கொண்டே போனார். அக்கா இறங்கவில்லை. கார் போன பிறகு நான் கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். இன்னும் எத்தனை வருஷம் இந்த அட்டைகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போகிறீர்கள், அந்த ஸ்டிக்கரைக் கிழித்தவன் நான்தான், என்னை நாலு சாத்து சாத்திவிட்டு இதை விட்டுத் தொலையுங்கள் என்று வாய்தவறி வந்துவிட்டது.

“தெரியும்” என்றார் அக்கா.

“எப்போலேர்ந்து?”

“அன்னிக்கே. சொவுத்துல கீற எல்லா அட்டையும் ஒரே மாரி நகத்துல கிழிச்சு கீது. நீ ஒருத்தன் தான் கட வெச்சிகினு கீறே. இது தெரியாதா?” கொஞ்ச நேரம் டிரங்கின் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தார். “உன்ன திட்டி இன்னா ஆவப் போவுது? திட்டுனா நீ வர மாட்டே. நீ வரலனா கப்பல்காரனுங்ககிட்ட யாரு கேட்டு சொல்லுவா?”

அன்றைக்கு நான் அழுதேன். அவர் அழவில்லை.

அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எண்ணூரிலிருந்து நாத்தனார் வந்து சண்டை போட்டபோதும் அழவில்லை. அந்த அம்மாள் தன் தம்பி ஜப்பானில் சுகமாக இருக்கிறான், என்றைக்காவது காசு அனுப்புவான் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். சந்தே கேட்கக் கத்தினார்.

“எந்தம்பி செத்துட்டான்னு ருசு பண்றதுக்கா இந்தப் பாடு படறே? அவன் சாவணும்னா உன் ஆச?”

“ஆமா” என்றார் அக்கா. தையல் மெஷினை நிறுத்தவில்லை. “செத்திருந்தா கறுப்பு கட்டுவேன். பூச வெப்பேன். கல்லறத் திருநாளுக்கு எல்லாரோடயும் போய் ஒரு மெழுவத்தி ஏத்துவேன். ஓடிப் போயிருந்தா இன்னா பண்றது? நீயே சொல்லு அண்ணி, நான் கேட்டுக்கிறேன். இன்னா பண்ணணும்?”

மெஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் தைக்காமல் அக்கா வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தார் என்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அதற்கு அடுத்த வருஷம், கொருக்குப்பேட்டையிலிருந்து முதல்முறை கப்பலுக்குப் போயிருந்த ஒருவர் ஊர் திரும்பினார். அக்கா வீடு பூட்டியிருந்ததால் பெட்டியை என் கடையில் கொடுத்தார். கோபேயில் துறைமுக வாசலுக்கு எதிரிலேயே பழைய கேம் விற்கிற சின்னக் கடை ஒன்று உண்டாம், முன்னெல்லாம் கப்பல்காரர்கள் அங்கேதான் போவார்களாம், இப்போது பெரிய கடைகளுக்குப் போய்விடுகிறார்களாம். பிரிக்காத பெட்டி. முன்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர். அவர் போகும்வரை பொறுத்திருந்து, மேசை டிராயரிலிருந்து என் அளவுத்தாளை எடுத்து வைத்தேன். மேலே ஏழு நெளி. கீழே ஏழு நெளி. சாய்வாக வெட்டிய மூலை.

மூன்று நாள் அதை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒருமுறை கிழித்தது போதாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு யாருக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, இதைப் பார்க்கிற உரிமை அவருக்கு உண்டு. நாலாம் நாள் மத்தியானம் கடைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பெட்டியை மேசைமேல் வைத்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

அக்கா பர்ஸிலிருந்து தன் அளவுத்தாளை எடுத்தார். வருஷக்கணக்காக எடுத்து எடுத்து அது எண்ணெய்த்தாள் ஆகியிருந்தது. ஸ்டிக்கர் மேல் வைத்தார். நெளிக்கு நெளி உட்கார்ந்தது. எடுத்தார். திருப்பி வைத்தார். மறுபடி நேராக வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

“அர நூலு பெருசா கீது” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இல்ல பா?”

இத்தனை வருஷத்தில் ஒரு அளவைச் சரியா என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

“ஆமாக்கா. பெருசு தான்” என்றேன்.

“எந்த ஊருது இது?”

“நான் சொல்லலியேக்கா.”

“சொல்லாதே.”

அளவுத்தாளை நான்காக மடித்துக் கிழித்தார். மறுபடியும் மடித்துக் கிழித்தார். துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“கோயிலுக்குப் போய் அவர் பேர்ல பூசைக்கு எழுதிட்டு வர்றேன். நாளைக்கு காலைல ஆறு மணிக்கு. நீயும் வந்துடு.”

எனக்கு மாதா கோயில் பழக்கம் இல்லை. போய்க் கடைசி வரிசையில் நின்றேன். பங்குச் சாமியார் அவர் பெயரை வாசித்து, அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சொன்னார். அக்கா கறுப்புப் புடவை கட்டியிருந்தார். எப்போது வாங்கினாரோ, மடிப்புக்கூடக் கலையவில்லை. நாத்தனார் பக்கத்தில் முழங்காலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பூசை முடிந்து வெளியே வந்ததும், ஆறு வருஷமாக அவரைக் கண்டால் ஒதுங்கிப்போன பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்தார்கள். தோளில் சாய்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

“சேதி எப்போம்மா வந்துச்சு? எங்க போச்சு உசுரு?” என்று ஒரு வயதான அம்மாள் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“கடல்ல தான்மா” என்றேன் நான். “சிங்கப்பூர் தாண்டினப்புறம்.”